ஏர் விலகிய மரம்

1983-ஆம் ஆண்டு. நைஜர் நாட்டின் தெற்கே, சகாராவின் விளிம்பை ஒட்டிய மாராடி வட்டாரம். டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் பணியாளர் மணல் தடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறார். சக்கரம் மணலில் புதையாமல் இருக்க டயரில் கொஞ்சம் காற்றை இறக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் இழுவைப் பெட்டி நிறைய நாற்றங்கால் கன்றுகள். கன்று வளர்ப்பது, ஊர் ஊராக ஏற்றிப் போவது, குழி தோண்டி நடுவது என்று இரண்டு ஆண்டுகளாக அவருக்கு இதே வேலை. நட்டதில் பெரும்பாலானவை வெயிலுக்கும் ஆட்டுக்கும் மணற்காற்றுக்கும் இரையாயின. தப்பிப் பிழைத்த கொஞ்சமும் விறகாகிப் போனது.

தடத்தின் ஓரம் ஒரு புதர் இருந்தது. அந்தப் பகுதியில் எங்கு பார்த்தாலும் அதே மாதிரிப் புதர்கள்தாம். அதுவரை அவர் அவற்றைக் கவனித்ததில்லை. அன்று அருகே போய் இலையைப் பார்த்தபோது, அது புதரே இல்லை என்று தெரிந்தது. வெட்டப்பட்ட ஒரு மரத்தின் தூரிலிருந்து கிளம்பிய மறுதாம்பு அது. ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் உழவர்கள் இந்தத் துளிர்களை அறுத்து எரிக்கிறார்கள். அடியில் வேர் சாகாமல் கிடக்கிறது. மழைக்கு மறுபடி துளிர்க்கிறது. மரமே இல்லை என்று எண்ணிக் கன்று ஏற்றி வந்த நிலத்தின் அடியில் ஒரு காடே உயிரோடு இருந்தது. பின்னாளில் ரினாடோ அதை மண்ணுக்கடியிலுள்ள காடு என்றே சொல்லத் தொடங்கினார்.

பருவநிலை மாற்றத்துக்கு மரம் நடுவதே எளிய, மலிவான மருந்து என்ற பேச்சு இன்று உலகெங்கும் ஓங்கி ஒலிக்கிறது. அதில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொள்ள மாராடியின் கதை நல்ல உரைகல். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

மரத்தின் கணக்கு

மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. கரியைத் தன் உடலாக்கிக்கொண்டு உயிர்வளியை வெளியே விடுகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. ஒரு டன் கரி மரத்தில் சேர்ந்தால் காற்றிலிருந்து 3.67 டன் கரியமில வாயு குறைந்திருக்கிறது என்று பொருள். இதில் எந்த மாயமும் இல்லை, எந்த ஐயமும் இல்லை. கருவியும் மின்சாரமும் இல்லாமல், வெயிலை மட்டும் கூலியாக வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய மரம் போன்ற பச்சை உயிர்களை விட்டால் வேறு ஆளில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை ஈர்க்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து உலகம் ஆண்டுதோறும் வெளிவிடுவது 3,700 கோடி டன் அளவில். வகுத்துப் பார்த்தால், இந்தப் புகையை மரத்தாலேயே ஈடுகட்ட 1.85 லட்சம் கோடி வளர்ந்த மரங்கள் கூடுதலாக வேண்டும். 2015-இல் வந்த ஓர் ஆய்வின்படி உலகில் இப்போது இருப்பதே சுமார் 3 லட்சம் கோடி மரங்கள்தாம். ஆண்டுக்கு 1,500 கோடி மரங்கள் வெட்டப்படுகின்றன. சராசரி இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் என்று வைத்தால், ஆளுக்கு 100 மரம். கன்றைச் சொல்லவில்லை, வளர்ந்து நிற்கும் மரத்தைச் சொல்கிறேன். அந்த நிலையை எட்டப் பல ஆண்டு ஆகும். அந்த 100 மரத்தையும் நிறுத்த நிலமும் வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பூமிக்கடியில் இருந்த நிலக்கரி பல கோடி ஆண்டுகளாக யாரும் தொடாத வைப்புநிதி. மரத்தில் சேரும் கரி நடப்புக் கணக்குப் போன்றது. தீ, கரையான், புயல், கோடரி என்று எது வந்தாலும் கணக்கு காலியாகும். வைப்புநிதியை உடைத்துச் செலவழித்துவிட்டு, நடப்புக் கணக்கில் கொஞ்சம் போட்டுச் சமன்செய்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

இந்த எச்சரிக்கை அறிவியல் உலகத்துக்கும் தேவைப்பட்டது. 2019 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகில் கூடுதலாக 90 கோடி எக்டேரில் மரப்போர்வைக்கு இடம் உண்டு, அது முதிர்ந்தால் 20,500 கோடி டன் கரியைச் சேர்க்கும் என்றது. அடுத்த ஆண்டு தாவோஸ் மாநாட்டில் லட்சம் கோடி மரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளாகவே, 2019 அக்டோபரில், அதே இதழில் மறுப்புகள் வந்துவிட்டன. இயற்கையான புல்வெளிகளையும் வெட்டவெளிக் காடுகளையும் காலியிடமாக எண்ணிவிட்டீர்கள், புல்வெளி மண்ணில் ஏற்கெனவே இருக்கும் கரியைக் கழிக்க மறந்துவிட்டீர்கள், பனி படர்ந்த வடக்கில் மரம் வளர்ந்தால் தரை கறுத்து வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும் என்பதை விட்டுவிட்டீர்கள் என்று பல நாட்டு அறிஞர்கள் எழுதினார்கள். மதிப்பீடு ஐந்து மடங்கு மிகை என்பது அவர்கள் வாதம்.

முதல் கட்டுரைக்குப் பின்னால் இருந்த தாமஸ் க்ரௌதரின் ஆய்வுக்கூடமே 2023-இல் இன்னும் விரிவான கணக்கோடு வந்தது. உலகக் காடுகள் இன்னும் சேர்க்கக்கூடிய கரி 22,600 கோடி டன். அதில் 61 விழுக்காடு, இருக்கும் காட்டை வெட்டாமல் முதிர விட்டாலே கிடைத்துவிடும். எஞ்சியதுதான் காடு அழிந்த இடங்களில் மீண்டும் வளரவேண்டியது. கன்றே நடாமல் கிடைக்கும் பங்குதான் பெரிய பங்கு என்பதை அந்த ஆய்வின் சாரமாக எடுத்துக்கொள்ளலாம்.

இடம் தவறினால்

காலியிடம் என்று நாம் நினைப்பது காலியிடம்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேட ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. கொடைக்கானலுக்குப் போனால் போதும்.

பழனி மலை, நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் இயற்கை வகுத்த முறை ஒன்று உண்டு. மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. மேட்டுச் சரிவுகளில் எல்லாம் புல்வெளி. ஆங்கிலேய அதிகாரிகள் கண்ணுக்குப் புல்வெளி வீணாகக் கிடக்கும் தரிசு. விறகுக்காகச் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்காகவும் காகிதம், இழைத் தொழில்களின் கூழுக்காகவும் அரசே இதைப் பெரும் பரப்பில் தொடர்ந்தது.

பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஆய்வு இதன் விளைவை அளந்து காட்டியது. 1973-இல் சுமார் 374 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி, 2014-இல் 124 ஆகச் சுருங்கிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. இயற்கைச் சோலையும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே குறைந்தது. அதே காலத்தில் வேற்று மரத் தோப்புகள் 18 சதுர கிலோமீட்டரிலிருந்து 217 ஆகப் பெருகின. வரையாடு மேய்ந்த இடத்தில் சீகை நிற்கிறது.

தண்ணீர்க் கதை இன்னும் கூர்மையானது. நீலகிரியின் கிளன்மார்கனில், அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் பாதிக்கு மேல் நீலக் கற்பூர மரம் வைத்துப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் வைத்த பக்கத்தின் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டிய பின் மறுதாம்பு வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டைத் தாண்டியது. கீழே அணைகளும் வயல்களும் அந்த ஓடைகளை நம்பி இருக்கின்றன. மரம் மழையைக் கொண்டுவரும், மரம் நீரைத் தேக்கும் என்ற பொதுநம்பிக்கை, எந்த மரம், எந்த இடம் என்று கேட்காதபோது இப்படித் திருப்பி அடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இந்திய வன அளவைத் துறையின் வரையறைப்படி, ஒரு எக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக் கவிகை 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது வனப்போர்வை. என்ன மரம், யார் நிலம், சட்டப்படி என்ன வகை என்பதெல்லாம் பொருட்டில்லை. ஆக, புல்வெளியை அழித்துச் சீகை வந்ததும் ஏட்டில் காடு கூடிவிட்டதாகவே பதிவாகும். மலை இழந்தது, கணக்கு வென்றது.

யாருக்காக மரம்?

இடம் சரியாக இருந்தாலும் போதாது என்பதை இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டம் சொல்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாக வனத்துறை மரம் நட்டு வந்திருக்கிறது. அந்த நடவுகளின் பலனை எரிக் கோல்மன், ஃபாரஸ்ட் ஃபிளெயிஷ்மேன் முதலியோர் அடங்கிய குழு செயற்கைக்கோள் படங்களோடும் வீடுவீடாகக் கேட்ட விவரங்களோடும் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டது. நடவால் அடர்ந்த மரப்போர்வை கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. மக்களுக்குத் தீவனமும் விறகும் தரும் அகன்ற இலை மரங்கள் குறைந்து, அவர்களுக்கு அவ்வளவாகப் பயன்படாத ஊசியிலை மரங்களின் பக்கம் கலவை சாய்ந்திருந்தது. பணம் செலவானது, கன்றும் நடப்பட்டது, ஆண்டறிக்கையில் எண்ணிக்கையும் ஏறியது. காடு மட்டும் ஏறவில்லை.

ஏன்? கன்று வைத்தவருக்கு அந்த ஆண்டின் இலக்கு முடிந்துவிட்டது. மேய்ச்சலுக்கு இடம் போனவருக்கு அந்தக் கன்று ஒரு தொல்லை. அது பிழைக்க வேண்டும் என்ற தேவை ஊரில் ஒருவருக்கும் இல்லை. முதல் கோடையில் ஒரு குடம் தண்ணீர், ஆட்டைத் துரத்த ஒரு குரல், சருகுத் தீ பரவும்போது ஓடிவர நாலு பேர் என்று ஒரு கன்றைக் காப்பாற்றுவது எல்லாம் சில்லறை வேலை. எந்தத் திட்டமும் அதற்குச் சம்பளம் போட்டு மாளாது. மரம் உயிரோடு இருந்தால் தனக்கு நல்லது என்று நினைப்பவர்தான் அதைச் செய்வார்.

நைஜர் செய்தது என்ன?

இப்போது மாராடிக்குத் திரும்பலாம். தூரில் துளிர்க்கும் இருபது முப்பது கொம்புகளில் நல்லதாக நாலைந்தை மட்டும் விட்டு, மற்றதைக் கவாத்து செய்துவிடுவது. ஆடு கடிக்காமலும் அறுவைக்குத் தப்பியும் அவற்றை வளரவிடுவது. ரினாடோ சொன்ன முறை இவ்வளவுதான். நாற்றங்கால் இல்லை, பாலித்தீன் பை இல்லை, தண்ணீர் வண்டி இல்லை. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் ஒரே மழைக்காலத்தில் ஆள் உயரம் வந்துவிடும்.

உழவர்கள் முதலில் சிரித்தார்கள். கதிர் விளையும் நிலத்தில் மரம் விடுவது சோம்பேறி வேலை என்பது ஊர் வழக்கு. 1984-இல் பெரும் பஞ்சம் வந்தது. உணவுக்கு வேலை என்ற உதவித் திட்டத்தில், நிலத்தில் துளிர்களைக் காப்பவர்களுக்குத் தானியம் என்று வைத்தார்கள். லட்சக்கணக்கில் மரங்கள் எழுந்தன. பஞ்சம் தணிந்து தானியம் நின்றதும் பாதிக்கு மேல் வெட்டப்பட்டன. திட்டப்படி பார்த்தால் இது தோல்வி. ஆனால் சிலர் வெட்டவில்லை. விதைப்புக் காலத்து மணற்காற்று இளங்கம்பைப் புதைத்துவிடுவதால் இரண்டு மூன்று முறை மறுவிதைப்பு செய்வது அங்கே வழக்கம். மரம் நின்ற நிலத்தில் ஒரு விதைப்பே போதுமாக இருந்தது. கோடையில் ஆட்டுக்குத் தழை கிடைத்தது. கவாத்து செய்த கிளை விறகாயிற்று, விற்றால் காசாயிற்று. அடுத்த நிலத்துக்காரர் இதைப் பார்த்தார். அதன்பின் அந்த முறை பரவத் திட்டம் தேவைப்படவில்லை.

அந்த மரங்களில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். ஹவுசா மொழியில் ‘காவோ’ எனப்படும் வேல மர வகை. மற்ற மரமெல்லாம் மழையில் தழைக்கும்போது இது இலையை உதிர்த்துவிடும். அதனால் கீழே உள்ள பயிருக்கு நிழல் தடை இல்லை. உதிர்ந்த இலை எருவாகிறது. வேர் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. ஊரே காய்ந்து கிடக்கும் கோடையில் இலையும் நெற்றுமாக நின்று ஆடுமாட்டுக்கு உணவாகிறது. பயிரோடு போட்டியிடாத மரம் எது என்பது உழவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அது தெரிந்திருந்தும் முன்பெல்லாம் ஏன் காக்கவில்லை? பிரெஞ்சு ஆட்சிக்காலச் சட்டம் மரங்களை அரசுக்குச் சொந்தமாக்கியிருந்தது. விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. சொந்த நிலத்து மரத்தில் கிளை வெட்டினாலும் அபராதம். மரம் நின்றால் வனக் காவலர் வருவார். மரமே இல்லையென்றால் தொல்லையும் இல்லை. உழவர் துளிரிலேயே அறுத்துவிட்டார். 1980-களில் மாராடி வட்டார வன அதிகாரிகள் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தி, காப்பவரே பயனை எடுத்துக்கொள்ளலாம் என்று கண்டும் காணாமல் விட்டதுதான் திருப்புமுனை.

2000-களின் நடுவில் கிரிஸ் ரெய், கிரே டேப்பன் என்ற ஆய்வாளர்கள் 1975-இன் வான்படங்களைப் புதிய படங்களோடு ஒப்பிட்டபோது தென் நைஜரில் சுமார் 50 லட்சம் எக்டேரில் மரம் கூடியிருந்தது தெரிந்தது. சுமார் 20 கோடி மரங்கள் என்பது மதிப்பீடு. எக்டேருக்கு 40, ஏக்கருக்கு 16 மரம். அதைக் காடு என்று யாரும் அழைக்கமாட்டார்கள். கம்பங்கொல்லைக்கு நடுவே ஆங்காங்கே மரம், அவ்வளவுதான். ஆண்டுக்கு 5 லட்சம் டன் தானியம் கூடுதலாக விளைந்து 25 லட்சம் பேருக்கு உணவாகியிருக்கும் என்றும் அவர்கள் கணித்தார்கள். செலவு எக்டேருக்கு 50 டாலருக்கும் கீழே. எளிமை, மலிவு என்ற இரண்டு சொல்லும் இங்கே முழுப் பொருளோடு பொருந்துகின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த 20 கோடி மரத்தில் ஒன்றைக்கூட யாரும் பருவநிலைக்காக வளர்க்கவில்லை. காற்றைத் தடுக்க, ஆட்டுக்குப் போட, அடுப்பெரிக்க வளர்த்தார்கள். கரி சேர்ந்தது உபரி வரவு. இலக்குக்காக நட்ட மரம் காங்ராவில் நிற்கவில்லை என்றால், கஞ்சிக்காக விட்ட மரம் மாராடியில் நின்றது.

நம் பக்கம்

மரத்தின் உடைமை என்ன செய்யும் என்பதற்குச் சந்தனம் நமக்குத் தெரிந்த பாடம். மைசூரில் திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக்கினார். தமிழகத்திலும் பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தனத்தின் மேல் உரிமை கொண்டாட நிலத்துக்காரரால் முடியாமல் இருந்தது. திருட்டுப் பயம் ஒருபுறம், விசாரணைப் பயம் மறுபுறம். பறவை போட்ட விதை முளைத்தால் பிடுங்கி எறிவதே நிம்மதி என்றானது. 2002-இல் சட்டம் திருத்தப்பட்டு மரம் நிலத்துக்காரருக்கு என்றான பிறகுதான் சந்தனத்தைத் தோட்டத்தில் வைக்க ஆள் வந்தது.

பிச்சாவரம் வேறொரு பாடம் சொல்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை அலையாத்திக் காட்டைப் பட்டை பட்டையாக வெட்டியதில் நிலம் தொட்டிபோலத் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி உப்பேறிவிட்டது. அங்கே எத்தனை கன்று வைத்தாலும் பிழைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன் முள்போலக் கிளைவிடும் வாய்க்கால்களை வெட்டி அலை வந்துபோக வழி செய்த பிறகே வெண்கண்டல் தழைத்தது. அங்கே மண்வெட்டி முந்தியது, கன்று பிந்தியது.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த போர்வையைச் சுமார் 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்த எண்ணுகிறது. மாநிலப் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர். அதில் 9 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டர். அவ்வளவு இடம் மலைப் புல்வெளியிலோ மேய்ச்சல் புறம்போக்கிலோ தேடப்பட்டால் பழனி மலையின் தவறு திரும்ப நடக்கும். உழவர் நிலத்தில்தான் அது கிடைக்க வேண்டும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை கன்று கொடுத்தோம் என்பதைவிட, வளர்ந்த மரத்தை வெட்ட, விற்க, கவாத்து செய்ய உழவர் எத்தனை அலுவலகம் ஏற வேண்டியிருக்கிறது என்பதுதான். ஐந்தாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணி அறிவிப்பதையும் கட்டாயமாக்கலாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மரம் அனல்மின் நிலையப் புகைக்கு ஈடாகாது. மேலே போட்ட கணக்கு மாறாது. புகையைக் குறைக்கும் வேலையை மரத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது. மரம் செய்யக்கூடியது வேறு: ஏறிவிட்ட வெயிலில் வாழ நிழல், பெய்த மழையைப் பிடிக்க மண், பஞ்சத்தில் ஆட்டுக்குத் தழை.

நம் மானாவாரிக் காடுகளின் வரப்போரத்தில், சில இடங்களில் நட்டநடுக் கொல்லையில்கூட, தனியே ஒரு வேம்பு நிற்கும். அதை யாரும் நடவில்லை. காக்கை போட்ட கொட்டை, ஒரு மழையில் முளைத்திருக்கும். முதல் ஆண்டு உழவில் அது விரல் நீளம் இருந்திருக்கும். ஏர் ஓட்டியவர் கண்டு, மாட்டைச் சற்றே ஒதுக்கி, அதைச் சுற்றி உழுதிருப்பார். அடுத்த ஆண்டும் அப்படியே. எருவுக்குத் தழை, எண்ணெய்க்குக் கொட்டை, உச்சிவெயிலில் கஞ்சிக் கலயத்தை வைக்க நிழல் என்று அவருக்கு அதில் கணக்கு இருந்தது. நைஜரில் ரினாடோ கற்றுக்கொண்டது நம் ஊரில் பெயரில்லாமல் நடந்துவந்தது. இன்று கொல்லைக்குள் இறங்குவது வாடகை டிராக்டர். மணிக்கணக்கில் கூலி, விரல் நீளக் கன்றுக்காக அது திரும்புவதில்லை. அது திரும்ப வேண்டும் என்று நிலத்துக்காரர் ஓட்டுநரிடம் சொல்லும்படி அந்தக் கன்றுக்கு ஒரு மதிப்பை உண்டாக்குவதே நம் முன் உள்ள வேலை.